ஆளுக்கொரு எச்சரிக்கை

செந்தூர்க்கனி எழுதிய வாசகங்களுள் ஒன்றுகூடப் பொய்யன்று. நெடுங்கரைத் தொழிற்பேட்டையின் வேதிப்பொருள் ஆலையொன்றில், பீப்பாய்களின்மேல் இடம்பெறும் எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதுவது அவளுடைய வேலை. ‘தீப்பற்றும்’ என்று அவள் எழுதினால் அது தீப்பற்றும். ‘கண்ணைக் கெடுக்கும்’ என்று எழுதினால் கண்ணைக் கெடுக்கும். ஆய்வுக்கூடம் தரும் முடிவுகளைக் கூட்டாமலும் குறைக்காமலும், தொடக்கப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவருக்கும் விளங்குமாறு எழுதுவாள். ஒரு சொல் தேவைக்குமேல் நீண்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

எழுதியது தாளில் அச்சாகும் காலம் போய்விட்டது. பீப்பாய்களில் இப்போது ஒட்டப்படுவது அறிவொட்டி. உள்ளங்கை அகலத்தில், வெங்காயச் சருகின் கனத்தில் ஒரு திரை. அதன் உச்சியில் மிளகளவில் ஒரு கறுப்புக் கண். ஆலை வாயிலில் நுழைவோர் அனைவரின் முகமும் பதிவாகிவிடுவதால், எதிரே நிற்பவர் யார், எந்த மொழி அறிவார், என்ன வேலை செய்கிறார் என்பதை அந்தக் கண் அறியும். அறிந்து, கனி எழுதிவைத்த வாசகங்களிலிருந்து அவருக்குரியவற்றைப் பொறுக்கி, அவருடைய மொழியில் காட்டும். பீகாரிலிருந்து வந்தவர் இந்தியில் படிக்கும் அதே நொடியில், அதே திரையை அவருடைய தோளருகே நிற்பவர் தமிழில் படிப்பார். நிற்கும் கோணத்திற்கேற்ப வேறு வேறு எழுத்துத் தெரியுமாறு அதனைச் செய்திருந்தார்கள்.

பொடியெழுத்தில் அடைத்துவைத்த நீண்ட பட்டியலை யாரும் படிப்பதில்லை, ஆளுக்கேற்ற நான்கு வரியை எல்லோரும் படிப்பார்கள் என்பது செய்தவர்களின் வாதம். அந்த வாதமும் பொய்யன்று. அறிவொட்டி வந்தபின் தீவிபத்துகள் குறைந்தன. கை வெந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் குறைந்தார்கள். அரசு மகிழ்ந்து, எல்லா வேதிப்பொருளுக்கும் அதுவே இருக்கவேண்டுமென்று சட்டம் இயற்றியது. அச்சுத்தாள் ஒட்டுவது குற்றமாயிற்று. ஒரு பொருளைப் பற்றிய உண்மை எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருக்கவேண்டும் என்று கேட்க அப்போது எவருக்கும் தோன்றவில்லை. கனிக்கும் தோன்றவில்லை. வாரந்தோறும் அவள் கிடங்குக்குச் சென்று ஒட்டிகளைச் சரிபார்ப்பாள், எழுதிய வரிகள் எழுதியபடியே இருக்கும், நிம்மதியாகத் திரும்புவாள்.

அவளுடைய தம்பி பொன்சேகர் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுபவன். அவனுடைய மனைவி பிரம்மசக்தி அதே ஆலையில், ‘விரைகரை’ என்னும் கரைப்பானைப் பீப்பாய்களில் நிரப்பும் கொட்டகையில் வேலை செய்தாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் கனிதான்.

ஆயுதபூசையன்று காலையில் சக்தி அவளைத் தனியே அழைத்து, ஐந்தாம் மாதம் என்றாள். முன்னர் இருமுறை கரு தங்காமற் போயிருந்ததால், இம்முறை கணவனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. வயிறு தெரியத் தொடங்கும்வரை வாய் திறக்கக் கூடாதென்று நேர்ந்துகொண்டிருந்தாளாம். கனிக்கு மகிழ்ச்சியில் கண் கலங்கியது. அடுத்த நொடியே அந்தக் கொட்டகை நினைவுக்கு வந்தது.

“ஏட்டி, நீ இன்னும் அந்தக் கொட்டகையிலயா நிக்க?”

“வேற எங்க மைனி நிப்பேன்?”

“பீப்பாயில போட்டிருக்கத வாசிக்கலியா நீ?”

“வாசிக்காம என்ன? கையுறை போடணும், நெருப்பு ஆகாது, மூடிய இறுக்கணும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேனே.”

கனி அவளுடைய கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துச் சென்றாள்.

பூசை முடிந்திருந்தது. பொறிகள் அனைத்தும் குளித்துத் துடைத்த பிள்ளைகளைப் போல் நின்றன. மேற்பார்வையாளர் உச்சிமாகாளி, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாகப் பீப்பாய் வரிசையையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வோர் அறிவொட்டியின் கறுப்புக் கண்மீதும் சரியாக ஒரு பொட்டு வைத்திருந்தார். பொட்டு வைக்கவென்றே இடம் விட்டுச் செய்திருக்கிறானே, கெட்டிக்காரன் என்று அதைச் செய்தவனைப் புகழ்ந்தபடி, பெண்களுக்குப் பொரிகடலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

கனி முதல் வரிசைப் பீப்பாயின்முன் சக்தியை நிறுத்தி, வாசிக்கச் சொன்னாள். சக்தி வாசித்தாள். கையுறை, நெருப்பு, மூடி. பிறகு அவளுடைய குரல் இறங்கியது. ‘இதன் ஆவி நாளடைவில் கல்லீரலைக் கெடுக்கும். கருவுற்ற பெண்கள் இதனருகே வேலை செய்யலாகாது, கரு சிதையலாம், பிறக்கும் குழந்தைக்கு ஊனம் உண்டாகலாம்.’

“இத எப்ப எழுதுனிய மைனி?”

“மொத மொதல்ல எழுதுனதே இதத்தான். ஏன் கேக்க?”

“இது நேத்து வர இல்ல.”

அப்படிச் சொல்லாதே, வாரந்தோறும் என் கண்ணால் பார்க்கிறேன் என்றாள் கனி. குரலில் கடுமை ஏறிவிட்டது. அவசரத்தில் படிக்காமல் விட்டுவிட்டு இப்போது மழுப்புகிறாள் என்றே அவள் எண்ணினாள். சக்தி அந்த ஒட்டியை நெருங்கினாள். முந்தானையால் அந்தச் சந்தனப் பொட்டைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, பாம்பைக் கண்டவள்போல் பின்வாங்கினாள்.

“போயிட்டு.”

கனியின் பக்கத்திலிருந்து பார்க்க, ஒரு வரியும் போகவில்லை. எல்லாம் முன்போலவே இருந்தன. சக்தி கட்டைவிரலால் அந்தக் கண்ணை மூடினாள், வந்துவிட்டது என்றாள். எடுத்தாள், போய்விட்டது என்றாள். அவளுடைய நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. கனி அருகிலிருந்த பெண்களை அழைத்து, ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கேட்டாள். பொட்டு இருக்கையில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தன. துடைத்தபின் ஒருத்திக்கும் அந்த இரு வரிகள் தெரியவில்லை. உச்சிமாகாளி தாமும் நின்று பார்த்தார். கையிலிருந்த பொரியை வாயில் போட மறந்தார்.

“எனக்கும் இல்லம்மா. கல்லீரல்னு ஒரு எழவும் இல்ல. உங்களுக்கு மட்டும் எப்படி வருது?”

அந்தக் கேள்வியில் உள்நோக்கம் எதுவும் இல்லை. ஆயினும் அத்தனை பெண்களும் தன்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை, உயிருள்ளவரை கனியால் மறக்க முடியாது.

செல்பேசிகளை வாயிலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். தீப்பொறி பறந்தால் கொட்டகை எரிந்துவிடும். ஆகவே யாரும் படம் எடுக்க வழியில்லை. செய்தி எப்படியோ எட்டி, அரைமணி நேரத்திற்குள் ஆட்கள் ஈரத்துணியோடு வந்து, எல்லாப் பொட்டுகளையும் துடைத்துவிட்டார்கள். பாதுகாப்புத் துறைத் தலைவர் அருள்நேசன் கனியைத் தம் அறைக்கு அழைத்தார்.

அவர் கத்துகிறவர் அல்லர். நாற்காலி தந்தார், தேநீர் வரவழைத்தார். அந்த வரியை எடுக்கச் சொன்னவர் யாரென்று கனி கேட்டதும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“யாரும் சொல்லல. அதுதாம்மா இதுல உள்ள சங்கடமே. நாம அந்த ஒட்டிகிட்ட ரெண்டே ரெண்டுதான் கேட்டோம். விபத்து நடக்கக் கூடாது, வேலை நிக்கக் கூடாது. மத்தது பூராவும் அதுவாப் படிச்சுக்கிட்டது. அந்த வரியைக் காட்டுனப்ப பொம்பளையாளுக வேற கொட்டகை கேட்டாங்க. ஆம்பளையாளுக நல்ல முகமூடி குடுன்னு வேலையைப் போட்டுட்டு நின்னாங்க. காட்டாதப்ப வேலை நடந்துச்சு, விபத்தும் இல்ல. அது தப்புன்னு அதுக்கு யார் சொல்லுவா?”

“பிள்ள தங்காமப் போறது விபத்து இல்லையா சார்?”

“விபத்துப் பதிவுல அதுக்குன்னு ஒரு கட்டம் இல்லம்மா.”

தனக்கு மட்டும் எல்லாம் தெரிகிறதே என்று கனி கேட்டதற்கு, நீ சரிபார்ப்பவள், உனக்குக் காட்டாவிட்டால் நீ வேலையை நிறுத்துவாய், அதையும் அது கற்றுக்கொண்டது என்றார். கண்ணை மூடினால் மட்டும் எல்லாம் தெரிவானேன் என்றதற்கு, ஆள் யாரென்று தெரியாவிட்டால் அனைத்தையும் காட்டவேண்டும் என்பது சட்டம், அந்த ஒரு சட்டத்தை மட்டும் அதனால் மீற முடியவில்லை என்றார். தாமும் இதை அன்றுதான் முழுவதும் உணர்ந்ததாகச் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அது நடிப்பாகத் தோன்றவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் கனிக்குக் கோபப்படுவதாவது எளிதாக இருந்திருக்கும்.

சக்திக்கு ஐந்தாம் மாதம் என்பது அதற்குள் மேலிடம்வரை எட்டியிருந்தது. பின்னர் அவர் மெல்லத் தெரிவித்த செய்திதான் கனியை எழுந்து நிற்கச் செய்தது. ஒருவர் ஒட்டியின்முன் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் ‘எச்சரிக்கை வழங்கப்பட்டது’ என்று அவருடைய பெயரில் பதிவாகிவிடும். என்ன காட்டப்பட்டது என்பது பதிவாகாது. பதிவின்படி, பிரம்மசக்தி கருவுற்ற நாள்முதல் நாள்தோறும் எச்சரிக்கப்பட்டவள். எச்சரிக்கையைப் படித்தும் விருப்பப்பட்டு வேலை செய்தவள். குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால் அதற்கு ஆலை பொறுப்பாகாது, காப்பீடும் பொறுப்பாகாது. எச்சரிக்கையை முன்பே அறிவேன் என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டால், நாளையே அலுவலகத்தில் உட்கார்ந்த வேலை தந்து மருத்துவச் செலவையும் கருணையின்பேரில் ஏற்றுக்கொள்வதாக மேலிடம் சொல்கிறது. தீங்கு செய்தவன் மன்னிப்பு வழங்குவதற்குக் கருணை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்று மாலையில் தம்பி வீட்டில் கனி அனைத்தையும் சொன்னாள். பொன்சேகர் கேட்டுக்கொண்டே இருந்தான். இரு பிள்ளைகளைக் கருவிலேயே பறிகொடுத்தவன். மனத்தில் இருந்ததை அடக்கிவைக்கத் தெரியாதவன்.

“தெனமும் அதப் பாத்துக்கிட்டுத்தானட்டி நின்ன? ஒருநாள் கூடவா உன் கண்ணுல படல?”

சக்தி அவனைப் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, கனியின் அருகில் வந்து அமர்ந்தாள்.

“பாத்தியளா மைனி. இவுகளே கேக்காவ. நாளைக்கு ஊரு கேக்கும். பிள்ளைக்கு என்ன ஆனாலும் நான் தாங்கிக்கிடுவேன். தெரிஞ்சே போயி நின்னான்னு ஒருத்தர் சொல்லக் கூடாது. எனக்குச் சொல்லலன்னு நீங்க எழுதி வாங்கிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஆலை கேட்டபடி எழுதிக் கொடுக்கச் சக்தி மறுத்துவிட்டாள். நகரத்து மருத்துவர் இரத்தத்தில் கரைப்பானின் சுவடு இருப்பதாகவும், பிறக்கும்வரை எதையும் உறுதியாகக் கூற இயலாதென்றும் சொன்னார். கனி தொழிலகப் பாதுகாப்பு அலுவலகத்திற்கு முறையீடு அனுப்பினாள். கொட்டகைப் பெண்கள் நிரப்பும் பொறியைத் தொடமாட்டோம் என்று வாயிலருகே உட்கார்ந்தார்கள். நிரப்பிய பீப்பாய்கள் நிரப்பியபடியே கிடந்தன. அவற்றை ஏற்ற வந்த லாரிகள் ஆலைக்கு வெளியே வரிசையாக நின்றன. கனியிடம் யாரும் நேரே பேசவில்லை. அவள் எழுதுகிறவள், மேலிடத்து ஆள் என்ற எண்ணம் அவர்களை விட்டு இன்னும் விலகவில்லை. ஆலையும் அவளுக்கு வேலை எதுவும் தராமல் ஒரு மூலையில் உட்காரவைத்தது. விசாரணைக்கு ஆய்வாளர் வரப்போகிறார் என்ற ஒன்றைப் பற்றிக்கொண்டுதான் அவள் அந்நாட்களைக் கடந்தாள். வந்து, சக்தியின் கண்ணுக்குத் தெரிவதைக் கேட்டால் போதும். மறுக்கவே முடியாது.

ஆய்வாளர் கோமதிநாயகம் ஒரு முற்பகலில் வந்தார். நேர்மையானவர் என்று பெயரெடுத்தவர். ஆலையில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கொட்டகை வாசலில் ஏற்றுவதற்காக நிறுத்தியிருந்த பீப்பாய்களுள் தாமே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன்முன் நின்று முழுவதும் படித்தார். தமக்கு எல்லா வரிகளும் தெரிவதாகக் குறித்துக்கொண்டு, பிரம்மசக்தியை அழைத்தார்.

“இங்க நில்லும்மா. உனக்கு என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லு. கூடக் குறையச் சொல்ல வேண்டாம்.”

சக்தி நின்றாள். வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் ஆய்வாளரைப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி நின்ற கனியைத் திரும்பிப் பார்த்தாள்.

“மைனி, எல்லாம் இருக்கு.”

 கனி ஓடிவந்து மற்றப் பெண்களை நிறுத்தினாள். உச்சிமாகாளியை நிறுத்தினாள். எல்லோருக்கும் எல்லா வரிகளும் தெரிந்தன. கல்லீரலும் தெரிந்தது, கருவும் தெரிந்தது. ஆய்வாளர் தம் விரலால் அந்தக் கண்ணை மூடிப் பார்த்தார், திறந்து பார்த்தார்; வேறுபாடு எதுவும் இல்லை. என்ன நடந்திருக்கும் என்பது கனிக்கு அக்கணமே புரிந்துவிட்டது. எவரும் எதையும் மாற்றவில்லை. இந்தப் பெண்களுக்கு மறைத்ததால் வேலை நின்றது; வேலை நிற்கக் கூடாது; ஆகையால் இவர்களுக்கு இனிக் காட்டவேண்டும். இத்தனை நாள் அந்தப் பீப்பாய்கள் சும்மா கிடக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தன.

அதை அவள் ஆய்வாளரிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக ஒலிக்கிறது என்று அவளுக்கே கேட்டது. அருள்நேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சக்தியின் கை அவளை அறியாமல் வயிற்றின்மேல் போயிருந்தது. விசாரணைக்காக விடுப்பெடுத்து வந்து அவளுக்குப் பின்னால் நின்ற பொன்சேகர், அவளோடு வராதவன்போல் ஓர் அடி விலகினான். அந்த ஓர் அடியைச் சக்தி திரும்பிப் பார்த்துவிட்டாள்.

“அம்மா, நான் காதால கேக்குறத எழுத முடியாது. கண்ணால பாக்குறதத்தான் எழுத முடியும்,” என்றார் ஆய்வாளர். அவர் குரலில் இரக்கம் இருந்தது. இரக்கத்தோடேயே, எச்சரிக்கை முழுமையாக உள்ளது, பணியாளருக்குத் தெரிகிறது என்று எழுதத் தொடங்கினார். சரக்கை ஏற்றத் தடையில்லை என்றும் சொன்னார்.

தடையில்லை என்றதும் வாயிற்காவலர் முதல் லாரியை உள்ளே விட்டார். ஓட்டுநர் சங்ககிரிப் பக்கத்துக்காரர். நுழையும்போது முகத்தைப் பதிவு செய்துகொண்டு, நாள்கணக்கில் வெளியே காய்ந்த எரிச்சலோடு வந்தவர். வண்டியை உறுமவிட்டபடியே இறங்கி, கூட்டத்தை விலக்கி, ஏற்றப்போகும் பீப்பாயை ஒருமுறை பார்த்தார். பீப்பாயைப் பார்த்தவர் கூட்டத்தையும் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நெருப்பு ஆகாது, நெழல்ல வைக்கோணும், உருட்டாம ஏத்தோணும். இவ்வளவுதானுங்க போட்டிருக்குது. இதுக்குப் போயி இத்தன சனம் கூடி நின்னு அழுவுறீங்க? வழி பூரா நாங்க இந்த லோடு மேலதானுங்க பாய் விரிச்சுப் படுக்கறது. எங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே.”

 ஆய்வாளரின் பேனா தாளின்மேல் நின்றது. அவரும் ஓட்டுநரும் ஒரே பீப்பாயின் முன்னால்தான், தோளோடு தோள் இடிக்க நின்றிருந்தார்கள். ஆய்வாளர் திரையைப் பார்த்தார். அங்கே கல்லீரலும் கருவும் இருந்தன. பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் பொய் இல்லை. பொய் சொல்ல அவருக்குக் காரணமும் இல்லை. சுற்றி நின்றவர்களின் அமைதியைக் கண்டு, ஓட்டுநரின் சிரிப்பு மெல்லத் தேய்ந்தது. தாம் ஏதோ தவறாகப் பேசிவிட்டோமென்று நினைத்து, மன்னிப்புக் கேட்பதுபோல் கனியையும் சக்தியையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டிக்குப் போய் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தார்.

அந்த நிசப்தத்தில் சக்தி முன்னே வந்தாள். அவள் பார்த்தது ஆய்வாளரை அல்ல. ஓர் அடி விலகி நின்ற தன் கணவனை.

“அண்ணாச்சி, இன்னொரு தடவ வாசிங்க,” என்றாள் ஓட்டுநரிடம். “நல்லாச் சத்தமா. இவுகளுக்குக் கேக்கணும்.”